கேமரா யாரைப் பார்க்கிறது, கேமராவை யார் பிடிக்கிறார்கள்

போன ஜூன் மாதம், சேர்க்கை நடந்துகொண்டிருந்த நேரம். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் துறைக்கு வந்திருந்தார். மகள் முதுகலை முடித்தவள். சினிமாவில் பெண்கள் என்ற தலைப்பில் முனைவர் பட்டம் செய்யப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்குக் கோபமெல்லாம் இல்லை. புரியவில்லை, அவ்வளவுதான். "சினிமா எடுக்கப் படிக்கிறது தெரியும் மேடம். சினிமாவைப் பார்த்துப் படிக்கிறதுன்னா என்ன? அதுக்கு யாரு சம்பளம் குடுப்பா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அன்றைக்குப் பத்து நிமிடத்தில் சொன்னது அவருக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். மீதிப் பதிலை இங்கே எழுதுகிறேன். அவரைப் போல இதை முதல்முறையாகக் கேள்விப்படுகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பெண்ணியத் திரைப்பட ஆய்வு என்ற பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. ஒரு படத்தில் பெண்ணை எப்படிக் காட்டுகிறார்கள் என்பது ஒரு கேள்வி. அந்தப் படம் உருவான இடத்தில் பெண்ணுக்கு என்ன வேலை கிடைத்தது, என்ன கூலி, என்ன மரியாதை என்பது இன்னொரு கேள்வி. ரொம்ப காலம் முதல் கேள்வியை இலக்கியம் படித்தவர்களும் இரண்டாவது கேள்வியைத் தொழிற்சங்கக்காரர்களும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே கேள்வி என்பது என் எண்ணம். திரையில் பெண்ணைப் பார்க்கும் பார்வை ஏன் மாறவே மாட்டேன் என்கிறது என்பதற்குக் காரணத்தைத் திரையில் மட்டும் தேடினால் கிடைக்காது. படப்பிடிப்புத் தளத்தில், சங்க அட்டையில், உதவி இயக்குநர்கள் தங்கும் அறையில் தேட வேண்டும்.

சரி, திரையிலிருந்தே ஆரம்பிப்போம்.

எழுவாயும் செயப்படுபொருளும்

1970 நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் உலக அழகிப் போட்டி நடந்தது. பெண்கள் விடுதலை இயக்கத்தைச் சேர்ந்த சிலர் சாதாரணப் பார்வையாளர்கள் மாதிரி உள்ளே போய் உட்கார்ந்து, நிகழ்ச்சி நடுவில் எழுந்து மாவுப் பொட்டலங்களை வீசிக் கோஷம் போட்டார்கள். பெண்களை வரிசையில் நிறுத்தி மதிப்பெண் போடுவதை எதிர்த்த போராட்டம் அது. அதில் கலந்துகொண்டவர்களில் ஒருவர் லாரா மல்வி. ஐந்து வருஷம் கழித்து, 1975-ல், 'ஸ்கிரீன்' என்ற ஆய்விதழில் அவர் எழுதிய ஒரு கட்டுரைதான் இந்தத் துறையில் சேரும் எவரும் முதலில் படிப்பது. இன்றைக்கு எல்லோரும் சொல்கிற 'ஆண் பார்வை' என்ற சொல் அந்தக் கட்டுரையிலிருந்து பரவியது.

அவர் சொன்னதைச் சுருக்கிச் சொன்னால்: ஒரு படத்தில் மூன்று பார்வைகள் இருக்கின்றன. கேமரா பார்க்கிறது. தியேட்டரில் உட்கார்ந்து நாம் பார்க்கிறோம். கதைக்குள் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அவர் ஆராய்ந்த ஹாலிவுட் படங்களில் இந்த மூன்றும் சேர்ந்து ஓர் ஆணின் கண்ணாக மாறிவிடுகின்றன. ஆண் பார்க்கிறவன், பெண் பார்க்கப்படுகிறவள்.

வகுப்பில் இதை விளக்க ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். மதுரைக் கதை என்று சொல்லிக்கொண்டு வரும் ஏதாவது ஒரு படத்தில் நாயகி அறிமுகமாகும் காட்சியைப் போடுவேன். சத்தத்தை அணைத்துவிடுவேன். ஒவ்வொரு ஷாட்டிலும் என்ன தெரிகிறது, எத்தனை விநாடி நிற்கிறது, கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். பாட்டோடு பார்க்கும்போது கண்ணில் படாதது இப்போது பளிச்சென்று தெரியும். கொலுசுக் கால், இரண்டு விநாடி. தாவணி ஒட்டிய இடுப்பு, மூன்று விநாடி. பின்னலில் மல்லிகைச் சரம். உதடு. எல்லாவற்றுக்கும் அப்புறம்தான் முகம். முகம் வந்ததும் கேமரா அவளிடம் நிற்பதில்லை. தெப்பக்குளத்துப் படியிலோ திருவிழாக் கூட்டத்திலோ நிற்கும் நாயகனிடம் தாவிவிடுகிறது. அவன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நிற்கிறான். இவ்வளவு நேரம் நாம் பார்த்தது அவன் கண் வழியாகத்தான் என்பது அப்போது புரியும்.

ஒரு தடவை உசிலம்பட்டிப் பையன் ஒருவன் எழுந்து, "மேம், ஹீரோவையும் இப்படித்தானே துண்டு துண்டாக் காட்டுறாங்க? முதல்ல செருப்பு, அப்புறம் வேட்டியை மடிச்சுக் கட்டுறது, அப்புறம் கை, கடைசியாத்தானே முகம்?" என்றான். நல்ல கேள்வி. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சரி, அதையும் எழுதிப் பார்ப்போம் என்று நாயகன் அறிமுகக் காட்சியைப் போட்டோம். இரண்டு பட்டியலையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம்.

நாயகன் பக்கம்: செருப்பு புழுதியை மிதிக்கிறது. கை வேட்டியை மடித்துக் கட்டுகிறது. தோள் கதவை இடிக்கிறது. விரல் மீசையை முறுக்குகிறது. நாயகி பக்கம்: கால். இடுப்பு. பின்னல். உதடு.

ஒரு பக்கம் வினைச்சொற்கள், மறுபக்கம் வெறும் பெயர்ச்சொற்கள். அவன் உடம்பின் ஒவ்வொரு துண்டும் ஏதோ செய்துகொண்டிருக்கிறது. அவள் உடம்பின் துண்டுகள் சும்மா இருக்கின்றன. ஆறாம் வகுப்பில் படித்த இலக்கணம்தான்: அவன் எழுவாய், அவள் செயப்படுபொருள். இன்னொன்றும் அந்தப் பையனே கண்டுபிடித்தான். நாயகனின் கால் வரும்போது சட்டகத்தில் இருக்கும் மற்றவர்கள் பயந்து பின்வாங்குகிறார்கள், அதாவது அவனுக்கு ஆள்கள் பதில் சொல்கிறார்கள். நாயகியின் இடுப்பு வரும்போது சட்டகத்தில் வேறு ஆளே இல்லை. பார்க்க நாம் மட்டும்தான் இருக்கிறோம்.

அரை நூற்றாண்டுக்கு முன்னால் லண்டனில் எழுதிய ஒரு கருத்தை உசிலம்பட்டிப் பையன் தன் நோட்டில் தானே கண்டுபிடித்த அந்த மத்தியான வகுப்பை நான் மறக்கவே மாட்டேன். கோட்பாடு என்பது மனப்பாடம் செய்கிற விஷயம் இல்லை. இப்படிச் சத்தத்தை அணைத்துவிட்டு நிதானமாக எண்ணிப் பார்ப்பதுதான்.

பார்க்கிற பெண்கள் எங்கே?

மல்வியின் கட்டுரையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அதைப் பிறகு வந்த பெண்களே சுட்டிக்காட்டினார்கள், அவரும் பின்னாளில் அதைப் பற்றி எழுதினார். தியேட்டரில் பெண்களும்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்? அவர்கள் எந்தக் கண்ணால் பார்க்கிறார்கள்?

அமெரிக்கக் கறுப்பினப் பெண் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ் 1992-ல் இதை இன்னும் கூர்மையாக்கினார். வெள்ளைக்காரப் பெண்ணைத் திரையில் பார்த்து, அவளாகவே தன்னை நினைத்துக்கொள்ளக் கறுப்பினப் பெண்ணால் முடியாது. அவள் படத்தோடு சண்டை போட்டுக்கொண்டேதான் பார்க்கிறாள். எதிர்க்கும் பார்வை என்று அதற்குப் பெயர் வைத்தார்.

நம் ஊரில் இதைச் சாதியோடு சேர்த்துப் படிக்காமல் முடியாது. மலையாளத்தின் முதல் கதாநாயகி பி.கே. ரோசி ஒரு தலித் பெண். மௌனப் படக் காலத்தில் ஒரு நாயர் பெண்ணாக நடித்தார். அதைப் பொறுக்காத ஆதிக்கச் சாதியினர் அவரை ஊரை விட்டே துரத்தினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்து, நாகர்கோவில் பக்கம் பெயர் வெளியே தெரியாமல் வாழ்ந்து முடிந்துபோனார். திரையில் எந்தப் பெண் தெரியலாம், எந்தப் பெண் தெரியக்கூடாது என்பதை முடிவு செய்தது கேமரா மட்டும் இல்லை.

என் அம்மாச்சி திருமங்கலத்துக்காரர். டூரிங் டாக்கீஸில் மண்தரையில், பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மதுரைக்கு வந்தால் என்னையும் கூட்டிக்கொண்டு மேட்னி போவார். திரையில் புருஷன் பெண்டாட்டியைக் கன்னத்தில் அறைந்தால், படம் அதை நியாயம் என்று காட்டினாலும், அம்மாச்சி விடமாட்டார். "நாசமாப் போறவன்" என்று வாய்விட்டுத் திட்டுவார். சுற்றி இருக்கிற பெண்களும் சேர்ந்துகொள்வார்கள். படம் சொன்னதை அவர்கள் அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. அதே பெண்கள் அதே படத்துக்கு மறுநாளும் வந்தார்கள் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் ஒன்றாகப் புரிந்துகொள்ள எந்தக் கோட்பாட்டுக் கட்டுரையும் போதாது. ஆட்களிடம் போய் உட்கார்ந்து பேச வேண்டும்.

அப்படிப் பேசிய ஒருவர் நம் மதுரைக்கே வந்தார் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. சாரா டிக்கி என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1980-களின் நடுவில் மதுரையில் தங்கி, ஏழைக் குடும்பங்களோடு படம் பார்த்து, ரசிகர் மன்றத்துக்காரர்களோடு பேசி எழுதிய நூல் 1993-ல் வெளிவந்தது. தென்னிந்திய நகர்ப்புற ஏழைகளுக்கு சினிமா என்னவாக இருக்கிறது என்பதை உலகப் பல்கலைக்கழகங்கள் மதுரைத் தெருக்களை வைத்துத்தான் படிக்கின்றன. படத்தை நம்பி ஏமாறும் கூட்டம் என்று ஏழை ரசிகர்களைச் சொல்லிவிட முடியாது என்பதை அவர் பொறுமையாகக் காட்டினார். என் அம்மாச்சியின் வசவு ஓர் ஆய்வுத் தரவு என்று எனக்குத் தைரியம் கொடுத்தது அந்த மாதிரி வேலைதான்.

நடுவில் ஒரு சின்னச் சோதனையையும் சொல்லிவிடுகிறேன், இணையத்தில் அடிக்கடி கண்ணில் படும். அலிசன் பெக்டல் என்ற அமெரிக்க ஓவியர் 1985-ல் ஒரு படக்கதையில் போட்டது. படத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், அவர்கள் தங்களுக்குள் பேச வேண்டும், பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இருக்கக்கூடாது. கேட்க ரொம்பச் சுலபம். நீங்கள் கடைசியாகப் பார்த்த ஐந்து தமிழ்ப் படங்களை வைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை பார்ப்பது, புருஷன் குடிப்பது, அண்ணன் கோபப்படுவது ஆகியவற்றைக் கழித்தால் என்ன மிஞ்சுகிறது என்று தெரியும். ஆனால் இதில் தேறுவதால் ஒரு படம் நல்ல படம் ஆகிவிடாது. ஒரே ஒரு வரி வசனத்திலும் தேறிவிடலாம். காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி, அவ்வளவுதான்.

பெயர்களை எண்ணுவது

இனி இரண்டாம் பாதி. என் மனசு அதிகம் ஒட்டியிருப்பது இதில்தான்.

அமெரிக்காவில் சான் டியேகோ அரசுப் பல்கலைக்கழகத்தில் மார்தா லாசன் என்ற பேராசிரியர் இருக்கிறார். 1998-ம் வருஷப் படங்களில் தொடங்கி வருஷா வருஷம் ஒரே வேலையைச் செய்கிறார். அமெரிக்காவில் அதிகம் வசூலித்த 250 படங்களை எடுத்து, அவற்றின் இயக்குநர்கள், எழுத்தாளர்கள், தயாரிப்பாளர்கள், ஒளிப்பதிவாளர்கள், படத்தொகுப்பாளர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுகிறார். 1998-ல் இயக்குநர்களில் பெண்கள் 9 சதவீதம். 2024-ல் 16 சதவீதம். இருபத்தாறு வருஷத்தில் ஏழு புள்ளி ஏறியிருக்கிறது. 'இப்பல்லாம் பொண்ணுங்க எல்லாத்துலயும் வந்துட்டாங்க' என்று சொல்கிறவர்களிடம் காட்ட இப்படி ஓர் எண் இருக்கிறது. எண் இல்லாதபோது அது வெறும் புலம்பல் என்று தள்ளிவிடுவார்கள். அதனால்தான் படத்தை விமர்சித்துக்கொண்டிருந்த ஆய்வாளர்கள் கணக்கு நோட்டைத் தூக்கினார்கள்.

எண்ணுவது ஒன்றும் சின்ன வேலை இல்லை. போன தீபாவளிக்கு முந்தின வாரம் ஆறு மாணவிகளோடு நகரத்தில் ஒரு தியேட்டருக்குப் போய், படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுதிப் பார்த்தோம். முதல் சிக்கல் வேகம். இரண்டாவது சிக்கல் நம் பெயர்கள். 'எஸ். ஜோதி' ஆணா பெண்ணா? 'கே. மணி'? 'எம். சாந்தி' என்று பார்த்துப் பெண் என்று குறித்துவைத்தால், அது 'சாந்தி டிராவல்ஸ்' வண்டிக் கம்பெனி. முன்னெழுத்து வைக்கும் வழக்கத்தில் பாதிப் பேர் யாரென்றே தெரியாது. பெயரை வைத்து முடிவு கட்டக்கூடாது, ஒவ்வொருவரையும் விசாரித்துத்தான் குறிக்க வேண்டும் என்பதை மாணவிகள் ஒரே இரவில் கற்றுக்கொண்டார்கள். உடை, சிகை, பின்னணிக் குரல், உதவி இயக்கம் தவிர மற்ற பகுதிகளில் பெண் பெயரைத் தேட வேண்டியிருந்தது. லைட் பகுதி, கிரேன், சண்டைப் பயிற்சி, ஓட்டுநர்கள் என்று பெயர்கள் மேலே ஏறிக்கொண்டே போக, ஒருத்தி பேனாவை மூடிவைத்துவிட்டாள்.

ஏன் இப்படி? திறமை இல்லையா, ஆர்வம் இல்லையா? இங்கேதான் ஆய்வு தேவைப்படுகிறது.

தமிழில் முதல் பெண் இயக்குநர் டி.பி. ராஜலட்சுமி. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படத்தின் நாயகி அவர்தான். 1936-ல் 'மிஸ் கமலா' படத்தைத் தானே எழுதி, தயாரித்து, இயக்கினார். அடுத்து 1953-ல் பானுமதி. 1969-ல் சாவித்திரி. இந்த மூன்று பெயர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மூவருமே முதலில் புகழ்பெற்ற நடிகைகள். கையில் பெயரும் செல்வாக்கும் இருந்தது, இயக்கினார்கள். 1985-ல் தமிழில் ஒளிப்பதிவாளராக வந்த, ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று சொல்லப்படும் பி.ஆர். விஜயலட்சுமி, இயக்குநர் பி.ஆர். பந்துலுவின் மகள். இவர்கள் யாருடைய திறமையையும் நான் குறைக்கவில்லை. ஒவ்வொருவரும் மலையைப் புரட்டியவர்கள். ஆனால் ஊர்ப்பக்கத்திலிருந்து வரும், குடும்பத்தில் யாரும் சினிமாவில் இல்லாத ஒரு பெண் நடந்து வர இதில் ஒரு பாதை விழவில்லை. 'முதல் பெண்' என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் இரண்டாவது பெண் வர எத்தனை வருஷம் ஆனது என்று கேளுங்கள். சரியான கேள்வி அதுதான்.

ஆண்களுக்கு அந்தப் பாதை இருக்கிறது. மதுரை, தேனி, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து எத்தனையோ பேர் அதில் நடந்து இயக்குநர் ஆகியிருக்கிறார்கள். அது எப்படி என்று நமக்குத் தெரியும். மாட்டுத்தாவணியில் ராத்திரி பஸ் ஏறுவது. சென்னையில் சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ ஊர்க்கார அண்ணன் ஒருவரின் அறையில் பாய் போட்டுப் படுப்பது. காலையில் டீக்கடை, அங்கே வரும் இணை இயக்குநரிடம் அறிமுகம். ராத்திரி அறையில் கதை விவாதம். சம்பளம் இல்லாமல் இரண்டு படம். அப்புறம், "நம்ம ஊருப் பையன், நல்லா உழைப்பான்" என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைதான் வேலைக்கான நியமன ஆணை.

இப்போது செல்லூரில் இருக்கும் ஒரு பெண்ணை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அறையில் தங்க முடியாது. தனியாக அறை கேட்டால் வாடகைக்குத் தரமாட்டார்கள், விடுதியில் இரவு ஒன்பதரைக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். கதை விவாதம் நடப்பது பத்து மணிக்குமேல். வீட்டில் பணம் அனுப்பி இரண்டு வருஷம் சம்பளமில்லாமல் இருக்க விடமாட்டார்கள். யாரும் அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை கிடைக்கும் இடத்தில் அவளால் இருக்க முடியவில்லை. பாகுபாடு என்றால் யாரோ கதவைச் சாத்துவது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது கதவே இல்லாத சுவர்.

டெப் வெர்ஹோவன் என்ற ஆய்வாளர் திரைத்துறையில் யார் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதை வலைப்பின்னலாக வரைந்து ஆராய்ந்தவர். அவர் வேலையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது: பெண்களுக்குப் பயிற்சி கொடுங்கள், தைரியம் கொடுங்கள் என்று எல்லாச் சுமையையும் பெண்கள் தலையிலேயே வைப்பதை நிறுத்தி, ஆண்கள் தங்களுக்குள்ளேயே வேலையைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொள்ளும் பழக்கத்தைப் பார்க்க வேண்டும். சாலிகிராமத்து அறை அந்த வலையில் ஒரு முடிச்சு.

சில இடங்களில் சுவர் எழுத்திலேயே இருந்தது. பம்பாயில் ஒப்பனைக் கலைஞர்களின் சங்கம் பெண்களுக்கு ஒப்பனை உறுப்பினர் அட்டையே தந்ததில்லை. பெண் என்றால் சிகை அலங்காரம் மட்டும்தான். ஒப்பனை படித்துவிட்டு வந்த ஒரு பெண் வழக்குப் போட்டு, 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று சொன்னது. எவ்வளவோ வருஷமாக நாயகியின் முகத்தில் பவுடர் போடும் உரிமைகூடப் பெண்ணுக்குச் சங்க விதிப்படி இல்லாமல் இருந்திருக்கிறது.

மதுரையின் மேடை

சினிமாவுக்கு முன்னால் இங்கே நாடகம் இருந்தது, இன்றும் இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் வழியில் வந்த ஸ்பெஷல் நாடகத்துக்குத் தலைநகரமே மதுரைதான். கோயில் கொடைக்கும் திருவிழாவுக்கும் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் அவர்கள் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு ஏறினால் விடிய விடிய நடக்கும்.

இந்த நடிகைகளைப் பற்றி சூசன் சைசர் என்ற மானுடவியலாளர் மதுரையில் தங்கி ஆராய்ந்து எழுதிய நூல் 2005-ல் வந்தது. மேடையில் ஆடும் பெண் என்றால் ஒழுக்கம் கெட்டவள் என்று ஊர் குத்தும் முத்திரையை அந்தப் பெண்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். அதில் என்னை மிகவும் உலுக்கியது பயணம் பற்றிய பகுதி. ராத்திரி நாடகத்துக்குக் கிளம்பும் நடிகை, தெருவில் நாலு பேர் பார்வையில் நிற்காமல், வேனுக்குள் மறைவாக உட்கார்ந்து, போகிற வழியையே ஒரு வீடு மாதிரி ஆக்கிக்கொள்கிறாள். நல்ல குடும்பத்துப் பெண் வீட்டுக்குள் இருப்பாள் என்றால், நானும் வீட்டோடுதான் நகர்கிறேன் என்பது போல. ஆயிரம் பேர் பார்க்க மேடையில் நின்று பாடுவதுதான் அவள் தொழில். அந்தத் தொழிலுக்குப் போகிற வழியில் யார் கண்ணிலும் படக்கூடாது. மல்வி திரையில் கண்ட அதே பார்வை இங்கே மாட்டுத்தாவணி வரைக்கும் வந்து நிற்கிறது. பெண்ணுக்கு அது வேலை நேரத்தோடு முடிவதில்லை.

ஒரு செம்புத் தண்ணீர்

கீழக்குயில்குடியில், சமணர் மலை அடிவாரத்தில், அடிக்கடி படப்பிடிப்பு நடக்கும். சில வருஷங்களுக்கு முன்னால் மாணவர்களோடு ஒரு தளத்தைப் பார்க்கப் போயிருந்தேன். திருவிழாக் காட்சி. கூட்டத்துக்குச் சுற்றுவட்டாரத்துப் பெண்களை ஏஜென்ட் அழைத்து வந்திருந்தார். காலை ஆறு மணிக்கே பட்டுச் சேலை கட்டி ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு மணி ஆகியும் ஷாட் வரவில்லை. நல்ல வெயில். ஒரு பையன் தண்ணீர் கேனோடு வந்தான். ஆண்கள் வாங்கிக் குடித்தார்கள். பெண்கள் வாயைக் கொப்பளித்துத் துப்பினார்கள், முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள், யாரும் குடிக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த அக்காவிடம் ஏன்க்கா என்று கேட்டேன். "குடிச்சா எங்க போறது தாயி?" என்றார். கேரவன் இரண்டு நின்றது. அது நடிகர்களுக்கு.

2024 ஆகஸ்டில் கேரளத்தில், மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய்ந்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை வெளியானபோது, கழிப்பறை இல்லாததால் படப்பிடிப்புத் தளத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள் என்று அதில் படித்தேன். அந்த ஆலமரத்தடி கண்முன் வந்துவிட்டது. நான் பார்த்தது ஓர் ஊரின் குறை இல்லை, இந்தத் தொழில் நடக்கும் விதமே அப்படித்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்தக் குழு வந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2017 பிப்ரவரியில் ஒரு நடிகை காரில் கடத்தப்பட்டுத் தாக்கப்பட்டார். அதன் பிறகு மலையாளத் திரையுலகப் பெண்கள் சேர்ந்து ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். அவர்கள் முதலமைச்சரைச் சந்தித்துக் கேட்டதால் அந்த வருஷமே குழு அமைந்தது. 2019 டிசம்பர் கடைசியில் அறிக்கை அரசின் கைக்குப் போனது. வெளியே வர நாலரை வருஷத்துக்குமேல் ஆனது, அதுவும் பல பக்கங்கள் நீக்கப்பட்டு. பாலியல் தொல்லை, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமை, கூலி வித்தியாசம், உடை மாற்ற இடமின்மை என எல்லாம் அதில் இருக்கிறது. இதற்கிடையே 2022 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம், படத் தயாரிப்புக் குழு ஒவ்வொன்றிலும் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

இது நம் ஊர்ப் பெண்களுக்கும் நேரடியாகப் பயன்படும் விஷயம் என்பதால் ஒரு நிமிடம். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு கட்டாயம். அதற்குக் குறைவான இடம் என்றால், அல்லது புகார் முதலாளி மேலேயே என்றால், மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. தினக்கூலிக்கும் இது பொருந்தும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கும் இந்த உரிமை இருக்கிறது. அவரிடம் யாரும் சொன்னதில்லை.

இதில் ஆய்வாளருக்கு என்ன வேலை

மேலூர் அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். இந்தத் துறையில் ஒருவரின் வாழ்க்கை பெரும்பாலும் படம் படிப்பதில் தொடங்கும். லலிதா கோபாலனை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் அவர், பழிவாங்கும் பெண்கள் நாயகியாக வந்த இந்தியப் படங்களைப் பற்றி 1997-ல் எழுதிய கட்டுரை, மல்வி எழுதிய அதே 'ஸ்கிரீன்' இதழில் வந்தது. கற்பித்தல், எழுத்து, மாணவர்களை வழிநடத்துவது என்று ஒரு பக்கம் ஓடும். சிலர் அங்கிருந்து தொழில்துறைப் பக்கம் நகர்வார்கள்: கணக்கெடுப்பு, தொழிலாளர்களிடம் நேர்காணல், அரசுக் குழுக்களுக்கு அறிக்கை, நிதி கொடுக்கும் அமைப்புகளுக்கு விதிமுறை.

கடைசியாகச் சொன்ன நிதி முக்கியம். ஸ்வீடன் திரைப்பட நிறுவனம், அன்னா செர்னர் தலைமையில் இருந்த காலத்தில், பொதுப்பணத்தை ஆண், பெண் இயக்குநர்களுக்குச் சரிபாதியாகப் பிரிப்பது என்று இலக்கு வைத்தது. எதிர்ப்பு வந்தபோது அவர்கள் கையில் இருந்தது வருஷா வருஷம் எடுத்த கணக்கு. கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களின் படங்களுக்கு ஒரு படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று எனக்கு ஆசை. அதைக் கேட்கப் போகும்போது நம் கையிலும் கணக்கு இருக்க வேண்டும்.

சம்பளம் யார் கொடுப்பார்கள் என்றால்: முதுகலை முடித்து யூ.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில், இதழியல் - மக்கள் தொடர்பியல் பாடத்திலோ பெண்ணியல் பாடத்திலோ இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால், 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அப்புறம் கல்லூரி ஆசிரியர் வேலை. ஆராய்ச்சிக்கு வெளியூர் போகத்தான் வேண்டும் என்பதில்லை. காமராசர் பல்கலைக்கழகம் பக்கத்தில் இருக்கிறது. 1984-ல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானலில் இருக்கிறது. ஆய்வுக்களமோ வீட்டு வாசலிலேயே இருக்கிறது: நாடக நடிகர் சங்கம், கூட்டக் காட்சிக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்டுகள், தியேட்டர்கள், அவற்றில் படம் பார்க்கும் பெண்கள். சுலபமான வாழ்க்கை என்று சொல்லமாட்டேன். நிரந்தர வேலைக்குப் பல வருஷம் காத்திருக்க வேண்டியிருக்கும், கல்யாணப் பேச்சு அதைவிட வேகமாக வரும்.

மேலூர்ப் பெண் சேர்ந்துவிட்டாள். தீபாவளிக்கு முந்தின வாரம் தியேட்டரில் பெயர் எண்ணிய ஆறு பேரில் அவளும் ஒருத்தி. பெயர்கள் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கைப் போட்டுவிட்டார்கள். துடைப்பமும் பிளாஸ்டிக் வாளியுமாக நான்கு பெண்கள் உள்ளே வந்து, பாப்கார்னைக் கூட்ட ஆரம்பித்தார்கள். எங்களால் அவர்களுக்கு வேலை தாமதம், அடுத்த காட்சிக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. நாங்கள் எழுந்துவிட்டோம். வெளியே வந்தபின் நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று நான் போட்டுக் கொடுத்த கட்டங்களுக்குக் கீழே, அவள் நோட்டில் மட்டும் கையால் ஒரு கோடு இழுத்து, 'தியேட்டர் துப்புரவு: பெண்கள் 4, பெயர் தெரியவில்லை' என்று எழுதியிருந்தது. பெயர் கேட்டுவிட்டு வருகிறேன் மேம் என்று திரும்ப உள்ளே போனாள்.